விளக்கு முந்திக்கொண்டது

காது பரிசோதிக்கும் அவளுக்கு அன்று காலையிலிருந்தே கோபம் மூக்குக்கு மேல் நின்றது. வீட்டில் புருஷனோடு வாய்ச்சண்டை. அவன் சாப்பிடாமல், சொல்லாமல் கொள்ளாமல் பைக்கை முறுக்கிக்கொண்டு போய்விட்டான். போதாக்குறைக்கு, பரிசோதனைக்கு வந்திருந்த இந்த லாரி டிரைவர்.

சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் அவர் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தார். ஒலி கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே அவள் மேசையில் விளக்கு எரியும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அவள் ஒலியை அனுப்புவதற்கு முன்பே விளக்கு எரிந்தது, ஒவ்வொரு முறையும்.

தன் கையைப் பார்த்துத்தான் ஏமாற்றுகிறார் என்று நினைத்து, அவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள். அப்போதும் விளக்கு முந்திக்கொண்டது. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கதவைப் படாரென்று திறந்தாள்.

“கத்தாதீங்கம்மா,” என்றார் அவர், திரும்பாமலே.

அவள் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. அதற்கப்புறம்தான் கத்தினாள்.

“விளையாட்டா இருக்கா உங்களுக்கு? நான் சத்தம் குடுக்கறதுக்கு முன்னாடியே எதுக்கு அமுக்கறீங்க?”

“கேட்டா அமுக்கச் சொன்னீங்க. கேட்டுச்சு, அமுக்கினேன்.”

பல்லைக் கடித்துக்கொண்டு ஹெட்போனை அவர் தலையிலிருந்து பிடுங்கினாள். வெளியே மேசையில் விளக்கு மறுபடி எரிந்தது. இந்தத் தடவை அணையவில்லை. பொத்தானை அமுக்கிய விரலை அவர் எடுக்கவே இல்லை.

“இப்ப என்ன கேட்டுச்சாம்?”

அவர் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

“அழாதீங்கம்மா,” என்றார்.

மேசைமேல் அவளுடைய செல்போன் அடிக்கத் தொடங்கியது.