பின்பாரம்

தருமபுரம் ஷெட்டில் அன்று மதியம் இருந்தவர்கள்: காரின் சொந்தக்காரர் தமிழ்ச்செல்வன் அண்ணன். மெக்கானிக் நடராசன். பிளாஸ்டிக் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்த சிவநாதன் என்ற பெரியவர், எனக்கு அறிமுகமில்லை. பிறகு நான், அதாவது நிபுணர்.

நிபுணர் என்றால், சென்னையில் இரவு ஷிஃப்டில் உட்கார்ந்து அமெரிக்காக்காரர்களுக்குக் கார் உதிரிபாகம் பற்றிச் சாட்டில் பதில் சொன்னவன். அங்கே என் பெயர் பிரையன். எந்தக் காருக்கு எந்த ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரின் திருகை எத்தனை கிளிக் திருப்பினால் வளைவில் கார் சாயாது, எல்லாம் பிரையனுக்கு மனப்பாடம். பிரையன் வேலைக்குப் போய்வந்தது ஷேர் ஆட்டோவில்.

தூக்கம் கெட்டு, வயிறு கெட்டு, ஒரு விடியற்காலை யாரிடமும் சொல்லாமல் ஊருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

அம்மா அலைந்து திரிந்து எனக்கொரு வேலை பிடித்தாள். போலகத்தில் உரக் கிடங்குக்குக் காவல். இரவுக் காவல்.

அந்த நேரத்தில்தான் தமிழ்ச்செல்வன் அண்ணன் கூப்பிட்டார். பெங்களூரில் வாங்கிய கறுப்பு ஜெர்மன் கார் வைத்திருந்தார். மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். ரேஸ் ட்ராக்கில் ஓட்டப் போகிறாராம். அதற்கு உயர்ந்த ரக சஸ்பென்ஷனாக நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, அது அவருக்குப் பிடித்துப்போனால், அவருடைய இந்த ஷெட்டிலேயே எனக்கு வேலை. பகல் வேலை.

பகல் என்ற சொல்லுக்காக நான் மாட்டுவண்டிக்குக்கூட சஸ்பென்ஷன் தேர்ந்தெடுத்திருப்பேன்.

மூன்று செட்டுகளை அலசினோம். ஜப்பான் செட் ஒரே விறைப்பு, சிறு கல்லில் ஏறினாலும் பல் ஆடும். ஜெர்மன் செட்டில் வளைவுகள் வெண்ணெய், ஆனால் ஸ்பிரிங் மெத்து. மிச்சம் ஸ்வீடன் செட். அண்ணன் வைத்தது ஒரே நிபந்தனைதான். டிக்கி நிறையப் பாரம் ஏற்றினாலும் காரின் பின்பக்கம் ஒரு விரல்கூடத் தாழக் கூடாது.

ரேஸ் ஓட்டுகிறவர் டிக்கியில் எதற்குப் பாரம் ஏற்ற வேண்டும்?

அவர் காரணம் சொல்லவில்லை. நான் சொன்னேன். பின்பாரத்தோடு ஓட்டிப் பழகினால் வளைவில் கை நிதானப்படும், வெளிநாட்டில் இது ஒரு பயிற்சி முறை என்று, அந்த நிமிடம் வாயில் வந்ததையெல்லாம் விளக்கினேன். அண்ணன் தலையாட்டிக் கேட்டார்.

"படிச்ச பய படிச்ச பயதான்" என்றார்.

ஸ்வீடன் செட்டை வரவழைத்தோம். பின்னால் மட்டும் இன்னும் தடித்த ஸ்பிரிங். நடராசன் மாட்டினார். படத்தில் பார்த்தே பழகிய சாமானை நான் கையால் தொட்டது அப்போதுதான்.

இப்போது டிக்கியில் மணல் மூட்டைகளை அடுக்கி மூடினார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளக்க நான் டேப்பை எடுத்தேன்.

"அதெல்லாம் வேணாம் தம்பி, தள்ளு. நீங்க பாருங்க ஏட்டய்யா" என்றார் அண்ணன்.

பெரியவர் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து, எதிர் மதிலோரம் போய் நின்றார். கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். அண்ணன் காரை எடுத்து அவரைக் கடந்து ஒரு தடவை போய், திரும்பி வந்து ஷெட்டுக்குள் விட்டார்.

என் பகல் வேலை அந்த மனிதரின் கண்ணில் இருந்தது.

"நான் நிறுத்த மாட்டேன்பா" என்றார் ஏட்டய்யா. "பின்னாடி தொங்குனாத்தான் எங்களுக்குக் கண்ணு போவும். சர்வீஸ் பூரா செக்போஸ்ட்ல நின்னவன் சொல்றேன், இது காலி வண்டி."

எங்கள் ஊரில் சாராய பாட்டில் விலை குறைவு. கிழக்கே கடல், மற்ற எந்தப் பக்கம் போனாலும் தமிழ்நாட்டு செக்போஸ்ட். காரைக்காலில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம். பிரையனுக்குத் தெரியவில்லை.

"வேல ஒனக்குத்தான்" என்றார் அண்ணன். "கழுத்துல அந்தப் பழைய கம்பெனி கார்ட மாட்டிக்கிட்டு முன்சீட்ல ஒக்காரு. ஐ.டி. பய டூட்டிக்குப் போறான்னு விட்டுருவானுவ. ராத்திரி சாப்புட்டு வந்துரு."

"ராத்திரியா?"

"பின்ன, பட்டப்பகல்லயா கடத்துவாங்க?" என்றார் நடராசன்.

மூவரும் சிரித்தார்கள். நான் கிளம்பியிருக்கலாம். உரக் கிடங்கும் இரவு வேலைதான், ஆனால் உரத்துக்குக் காவல் இருந்தவனை யாரும் ஜெயிலில் போட்டதில்லை. ஷட்டர் முழுசாகத் திறந்திருந்தது. வாசல்வரை நடந்தும் விட்டேன்.

ஆனால் டிக்கியில் வைத்துப் பார்த்தது மணல். பாட்டில் இல்லை. இத்தனை பேரில் ஒருத்தர்கூட அதை யோசிக்கவில்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பினேன்.

"அண்ணே, இந்த விறைப்புல பாட்டிலெல்லாம் ஒடஞ்சிரும். பின்னாடி ஷாக் அப்சார்பர் திருக ரெண்டு கிளிக் தளத்தணும்."

யாரும் என்னிடம் யோசனை கேட்கவில்லை.

ஏட்டய்யா முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் என் முதுகில் தட்டினார். நான் சட்டையைக் கழற்றிவிட்டுக் காருக்கு அடியில் நுழைந்தேன்.

வேலை நடப்பது ரோட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று அவர்கள் வெளியே போனார்கள். நடராசன் ஷட்டரை இழுத்து இறக்கி, வெளியிலிருந்து பூட்டினார்.