நடுவில் நின்ற ஆணி

மரக்கடையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்தே பழகிய பிளைவுட் பலகைகள் இரண்டு, ஒரு வீட்டின் கூரைக்கு வந்து சேர்ந்தன. தச்சர் அவற்றைச் சட்டங்களின்மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினார். தம்பியோடு ஒட்டிக்கொள்ள அண்ணன் பலகை ஆசையாக நகர்ந்தது. அதற்குள் தச்சர் நடுவில் ஓர் ஆணியைச் செருகிவிட்டார்.

"யாருடா நீ, எங்களுக்கு நடுவுல?" என்று அண்ணன் சீறியது.

"நிக்கச் சொன்னாரு, நிக்கிறேன். வேலை முடிஞ்சதும் போயிடுவேன்" என்றது ஆணி.

சொன்னபடியே, பலகைகளை வேறு ஆணிகளால் சட்டத்தில் அறைந்து முடித்ததும் தச்சர் அதை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார். இடைவெளி மட்டும் அப்படியே இருந்தது.

"போறவன் சும்மா போனானா பாத்தியா? நம்மளப் பிரிச்சு வச்சுட்டுப் போயிட்டான்" என்று அண்ணன் தம்பியிடம் ஓயாமல் புலம்பியது.

ஓடு போடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பலகைகள் இரண்டும் ஊறி உப்பின. விளிம்புகள் நெருங்கி நெருங்கி, கடைசியில் ஒன்றையொன்று தொட்டன. இன்னும் கொஞ்சம் நெருக்கினால் இரண்டும் முதுகு வளைந்து சட்டத்தைவிட்டுப் பிய்த்துக்கொண்டு எழும்ப வேண்டியதுதான். நல்லவேளை, மழை விட்டது.

"அண்ணே, ஒருவழியா ஒட்டிக்கிட்டோம். இப்ப சந்தோஷந்தானே?" என்றது தம்பி.

அண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னது: "அந்த ஆணிப்பய இன்னும் கொஞ்சம் தடியா இருந்திருக்கக் கூடாதா?"