எட்டாவது ஃபெயில்

நிலக்கடலைத் தோல் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த அணிலுக்கு ஆறு மாதமாக உதவித்தொகை வரவில்லை. பகுதிநேர வேலை கேட்டுப் போன மூன்று கடைகளிலும், "இவ்வளவு படிச்சவன் நிலைக்க மாட்டே" என்று சொல்லிவிட்டார்கள்.

நான்காவது, கரடியின் வறுகடலைக் கடை.

"என்ன படிச்சிருக்கே?"

"எட்டாவது ஃபெயில்ணே."

"அப்படி ஒருத்தனைத்தான் தேடிட்டிருந்தேன். இன்னைக்கு ஒரு நாள் பார்ப்போம். பொட்டலம் மடி" என்றது கரடி.

மாலை வரை அணில் வாயைத் திறக்காமல் பொட்டலம் மடித்தது. கடை மூடும் நேரத்தில் ஒரு காகம் வந்தது.

"கடலை நல்லாயிருக்குமா தம்பி?"

"இருக்கும்" என்று சொல்லியிருந்தால் போதும். அணிலால் முடியவில்லை.

"நல்லான்னா, எந்த அளவுகோல்படி கேக்கறீங்க? இதுல மூணு விதமான கருத்து இருக்கு."

கரடி கரண்டியைக் கீழே வைத்தது.

"எந்த யுனிவர்சிட்டிடா நீ?"