கறுப்பு ஷூ வேண்டாம்

“பொய் சொல்லாதீங்க. வலிக்குதா, இல்லையா?”

பராஸ்கிவா குனிந்து ஷூவின் முனையை விரலால் அழுத்திப் பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இலாரி உதட்டைக் கடித்துக்கொண்டார். மூட்டுவாதம் தின்ற கால். பெருவிரல் மூட்டு எலுமிச்சம்பழம் போல வீங்கி, மற்ற விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

“இல்லம்மா. இதுவே போதும். எனக்காக எதுக்கு இவ்வளவு சிரமம்?”

“கண்ணுல தண்ணி நிக்குது, போதுங்கிறீங்களே! கழட்டுங்க.”

கடைக்காரி டோம்னிகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இப்படி ஒரு பெண்டாட்டி கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும், தாத்தா!”

இலாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பராஸ்கிவா அவர் தோளைத் தட்டி அடக்கினாள். “பேச்செல்லாம் அப்புறம். வேற காட்டும்மா. மத்தியானத்துக்கு மேல கால் வீங்குற நேரமாப் பார்த்துத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன். இப்போ பொருந்தினாத்தான் பொருந்தினது.”

டோம்னிகா ஒரு பெட்டியைத் திறந்தாள். கறுப்புத் தோல், பளபளப்பு, கூர்மூக்கு. “ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போட்டுட்டுப் போனா ராஜா மாதிரி இருப்பார்.”

பராஸ்கிவாவின் முகம் வெளுத்துவிட்டது. “அது வேண்டாம்! உள்ளே கொண்டுபோ!”

“என்னம்மா, ஷூவைப் பார்த்து யாராவது பயப்படுவாங்களா?”

“போன தடவை இதே மாதிரிதான் வாங்கினேன். நாலு பேர் பார்க்க நல்லா இருக்கணுமேன்னு. கால் உள்ளே நுழையவே இல்லை. நானும் என் தம்பியும் பிடிச்சுத் தள்ளினோம். வலிக்குதுன்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை வரலை. இப்போ படுத்தா நொண்டுற சத்தம்தான் கேக்குது. கட்டில் பக்கத்துல வந்து நிக்கிறார். ஒண்ணும் பேசறதில்லை, காலை மட்டும் பார்க்கிறார். எனக்குத் தூக்கமே போச்சும்மா. நாளைக்கு மேல மாத்தவும் முடியாது.”

“நாளைக்கு என்ன விசேஷம்?”

“வீட்டுல சாப்பாடு. ஊரையே கூப்பிட்டிருக்கேன்.”

டோம்னிகா சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். பழுப்பு நிறத்தில் ஒரு ஜோடியோடு வந்தாள். முன்பக்கம் அகலம், உள்ளே தையல் உறுத்தாத மெத்து, நடக்கும்போது விரலை மடங்கவிடாத கெட்டி அடி. “அழகு கொஞ்சம் மட்டுதான். கால் தப்பிச்சுக்கும்.”

இலாரி எழுந்து ஜன்னல்வரை நடந்தார். திரும்பி வந்தார். சுவரைப் பிடிக்கவில்லை.

“சொல்லுங்க. சத்தியமா.”

“சத்தியமா வலிக்கலைம்மா.” அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

“குதிகால்ல உரசுதா? எனக்காகச் சொல்லலையே?”

“கோயில்ல நின்னு வேணும்னாலும் சொல்றேன், வலிக்கலை.”

இருந்தும் இன்னொரு முறை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அவள் பணத்தை எடுத்தாள்.

வாசலுக்கு வந்ததும் பையிலிருந்து துண்டில் சுற்றிய ரொட்டியையும் ஒரு மெழுகுவத்தியையும் எடுத்தாள். காற்றில் முதல் தீக்குச்சி அணைந்துவிட்டது. பதறிப்போய் இன்னொன்றைக் கிழித்து ஏற்றி, எல்லாவற்றையும் இலாரியின் கையில் கொடுத்தாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். “யார் பேரைச் சொல்லி வாங்கிக்கணும்மா?”

“தோமா. என் வீட்டுக்காரர். அவர் செத்து நாளையோட நாற்பது நாள், வீட்டைச் சுத்துற உயிர் கிளம்பிடும். கோயில் வாசல்ல நீங்க நொண்டினதைப் பார்த்தேன், அப்படியே அவர் நடை. அவர் பேரைச் சொல்லி இங்கே உங்களுக்குக் குடுக்கிறதுதான் அங்கே அவருக்குப் போய்ச் சேரும். உங்க காலுக்கு வலிக்காததுதான் அவர் காலுக்கும் வலிக்காது.” அவள் குனிந்து அவர் ஷூவின் பட்டையைத் தளர்த்திவிட்டாள். “பாவி நான், அந்தக் கறுப்பு ஷூவோடயே அவரைப் புதைச்சுட்டேன்.”