கூடுதலாக இரண்டு சொற்கள்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர எழுத வேண்டிய ஆன்லைன் ஆங்கிலத் தேர்வுக்காக, பிரவீணா தினமும் மடிக்கணினியோடு பேசிப் பழகினாள். "நீ வீட்டிலிருந்து கிளம்புகிறாய். அம்மாவிடம் என்ன சொல்வாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டது அதன் பெண்குரல்.

"ஐ வில் கோ அண்ட் கம்."

கடைசி இரண்டு சொற்களும் திரையில் சிவந்து மறைந்தன. "அவை தேவையில்லை. மறுபடி சொல்." மறுபடியும் அவை அவள் வாயில் வந்தன, மறுபடியும் மறைந்தன. போகப் போக வருவதே நின்றுவிட்டது. குரலுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம்.

இன்று மாலை தயிர் வாங்கக் கிளம்பியவள், செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மா, போறேன்" என்றாள்.

அம்மா மாவுக் கையோடு ஓடி வந்தாள். "என்னடி பேச்சு இது? போயிட்டு வர்றேன்னு சொல்லு."

"போயிட்டு…" என்றாள் பிரவீணா. அதற்குமேல் உதடுகள் அசைந்தன, வெறும் காற்றுதான் வந்தது. திரும்பத் திரும்ப முயன்றாள். அம்மா அவள் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"விளையாடாத. சொல்லிட்டுப் போடி."

உள்ளறையில், மூடி வைத்திருந்த மடிக்கணினி "வெரி குட்" என்றது.