பச்சைத் துண்டு

அந்தத் துண்டைப் பார்த்ததும் இளையபெருமாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிறுவாச்சூர் தாண்டி ரோட்டோரத்தில் கூடுகிற மாட்டுச் சந்தை. ஒரு செவலைப் பசு. பக்கத்தில் இரண்டு பேர். இரண்டு பேருடைய வலது கையும் ஒரு துண்டுக்குள்ளே. வாயில் பேச்சில்லை. துண்டு மட்டும் எலி புகுந்த சாக்கு மாதிரி அசைந்துகொண்டிருந்தது.

மாட்டு வியாபாரம் அப்படித்தான். விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள்ளே விரலைப் பிடிப்பார்கள். ஒரு விரலுக்கு ஆயிரம். இளையபெருமாள் பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம்தான். ஆனால் இன்றைக்குப் பொறுக்கவில்லை.

நேற்று சாயங்காலம்தான், விவசாயிகள் சங்கச் செயலாளர் என்ற முறையில், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் தொண்டை கிழியப் பேசியிருந்தார். ஹாங்காங்கில் நடக்கப்போகிற உலக வர்த்தகப் பேச்சைப் பற்றி.

"நம்ம பருத்தி, நம்ம மக்காச்சோளம். எவனோ ஏசி ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு விலை பேசுறான். என்னய்யா பேசுறேன்னு கேட்டா ரகசியங்கிறான். மறைக்கிறான்னா ஏமாத்துறான்னுதானே அர்த்தம்?"

தோளில் கிடந்த பச்சைத் துண்டை உருவிச் சுழற்றினார். கூட்டம் கை தட்டியது. அந்தக் கைதட்டல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

இப்போது துண்டுக்குள் கை விட்டிருந்த அங்கமுத்து அவருடைய சங்கத்து ஆள். மகள் இலக்கியாவுக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் சீட் போய்விடும். அதற்காகத்தான் இருந்த ஒரே பசுவை ஓட்டி வந்திருந்தான். எதிரே லப்பைக்குடிகாடு ஷஃபியுல்லா பாய். துபாயில் சம்பாதித்துத் திரும்பிப் பால் பண்ணை வைத்திருப்பவர்.

அங்கமுத்து வாயில்லாப்பூச்சி. பாய் உலகம் சுற்றியவர். துண்டுக்குள்ளே என்ன நடக்கும் என்று சொல்லவா வேண்டும்?

"பாய், துண்டை எடுங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாயால விலையைப் பேசுங்க."

ஷஃபியுல்லா துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். "வேணாண்ணே. செத்த இருங்க, முடிஞ்சுரும்."

"நியாயமான விலைன்னா எதுக்கு மறைக்கணும்?"

"அண்ணே, நீங்க போங்கண்ணே" என்றான் அங்கமுத்து. முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"நீ சும்மா இருப்பா. உன்னை மாதிரி ஆளுங்க வாயைத் தொறக்காமத்தான் விசயம் ஹாங்காங் வரைக்கும் போயிருக்கு."

கூட்டம் சேர்ந்துவிட்டது. "நேத்துப் பேசினதைத் தலைவரு இன்னைக்குச் செஞ்சு காட்டுறாருய்யா" என்று யாரோ ஏற்றிவிட்டார்கள். அவ்வளவுதான். இளையபெருமாள் துண்டின் முனையைப் பிடித்து வெடுக்கென்று உருவினார்.

சந்தையே அந்த இரண்டு கைகளையும் பார்த்தது.

பாய், அங்கமுத்துவின் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்திருந்தார். அங்கமுத்து அதில் ஒரு விரலை விடுவித்துக்கொள்ளப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான்.

வாங்குகிறவர் ஐந்து என்கிறார். விற்கிறவன் நாலு போதும் என்கிறான்.

பக்கத்தில் மாட்டோடு நின்ற சிங்காரவேலுதான் முதலில் வாயைத் திறந்தார். "காம்பு செத்த மாடு, மூணு தேறாது. இதுக்கு அஞ்சா? அப்ப என் மாட்டுக்கு எட்டு குடுங்க பாய்."

"எனக்கும் பாய்."

"அட, பாய் அந்தப் புள்ளை படிப்புக்குத் தர்மம் பண்றாருப்பா" என்றது இன்னொரு குரல்.

அங்கமுத்து கையை உதறிக்கொண்டான். "எனக்கு யாரு தர்மமும் வேணாம். மாட்டையும் விக்கல, ஒண்ணையும் விக்கல." கயிற்றைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டான்.

ஷஃபியுல்லா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மூணுலேர்ந்து நாலுக்கு இழுத்துட்டு வந்திருந்தேண்ணே. ஒரு விரல்தான் பாக்கி. அஞ்சு இருந்தாத்தான் அந்தப் புள்ளைக்கு பீஸ் கட்ட முடியும். துண்டுக்குள்ள குடுத்தா விலைன்னு வாங்கிக்குவான். ஊரு பாக்கக் குடுத்தா வாங்குவானா?"

இளையபெருமாளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, வருகிற திங்கட்கிழமைதான் பெரிதாகத் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாயையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். சந்தை வாசலில் அங்கமுத்துவை மறித்தார்.

"திட்டுறதுன்னா என்னைத் திட்டு. ஆனா கையை நீட்டு."

"ஊரே பாத்துருச்சுண்ணே."

"பேசுனதைத்தானே பாத்துச்சு? முடிஞ்சது எவ்வளவுன்னு எவனுக்குத் தெரியும்? நீட்டுப்பா. உனக்காக இல்ல, இலக்கியாவுக்காக."

அங்கமுத்து மாட்டைப் பார்த்தான். பாயைப் பார்த்தான். மெதுவாகக் கையை நீட்டினான். இளையபெருமாள் தன் தோளில் கிடந்த பச்சைத் துண்டை எடுத்து இரண்டு கைகளையும் மூடினார்.

வேடிக்கை பார்க்கிற கூட்டம் விடுமா? பின்னாலேயே வந்துவிட்டது. அவர் திரும்பி நின்று இரண்டு கையையும் அகல விரித்தார்.

"யாரும் கிட்ட வராதீங்க. பேச்சுவார்த்தை நடக்குது."

"என்ன தலைவரே, நேத்துக் கதவைத் தொறக்கச் சொன்னீங்க?"

"அங்க மாட்டுக்காரனை வெளிய நிறுத்திட்டு மாட்டை விக்கிறான். இங்க மாட்டுக்காரன் கை உள்ளதானேய்யா இருக்கு? போ, போயி சோலியைப் பாரு."

முதுகுக்குப் பின்னால் அங்கமுத்து மெல்லிய குரலில் கெஞ்சுவது கேட்டது. "பாய், ஒரு விரலை விடுங்க பாய்."

"மூணுக்கு முடிஞ்சுதுப்பா" என்று இளையபெருமாள் கூட்டத்துக்கு அறிவித்தார், நேற்று பஸ் ஸ்டாண்டில் பேசிய அதே குரலில்.