தலையாட்டும் பயிற்சியாளர்

இரண்டு பக்கமும் பதினொரு பேர் நின்றால் வேலிக்காட்டு ஹாக்கி அணி தோற்றது. எதிரணியில் ஒருவன் மஞ்சள் அட்டை வாங்கிச் சில நிமிடம் வெளியே போனால் மட்டும் ஜெயித்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் எவன் அட்டை வாங்குவான்?

பயிற்சியாளர் ஓணானுக்குக் காரணம் தெரியும். எல்லாரும் கோல் போட முன்னால் ஓடினார்கள். பந்து பறிபோனால் பின்னால் மறிக்க ஆளில்லை.

"அண்ணே, நான் முன்னால ஆடட்டுமா?" என்று முயல் கேட்கும். ஓணான் "வேண்டாம்" என்றுதான் சொல்லும். ஆனால் தலை பிறவிப் பழக்கத்தில் மேலும் கீழும் ஆடிவிடும். முயல் தலையைத்தான் நம்பும். அணிலும் கீரியும் அப்படியே.

"அடுத்த ஆட்டமும் போச்சுன்னா நீ பழையபடி வேலியிலேயே உட்காரு" என்று சங்கத் தலைவர் எருமை சொல்லிவிட்டது. ஓணான் அதற்கும் தலையாட்டியது.

ஆட்டத்தன்று காலை எல்லாரும் அதையே கேட்பதற்கு வரிசையில் நின்றார்கள். ஓணான் தாடையைக் கல்லில் அழுத்திப் பார்த்தது. தலை நிற்கவில்லை. அப்போது ஒரு குரல் முந்திக்கொண்டது: "அண்ணே, முயலும் அணிலும் கீரியும் பின்னால நின்னு மறிக்கட்டுமா?"

தலை ஆடியது.

"பாத்தீங்களாடா? அண்ணனே சொல்லிட்டாரு. போய் நில்லுங்க!" என்றது அதே குரல்.

முயல் முறைத்தது. முறைத்துக்கொண்டே போய் நின்றது.

அன்று கடைசிவரை ஒருவனும் அட்டை வாங்கவில்லை. வேலிக்காடு இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. எருமை ஓணானுக்கு மாலை போட்டது. ஓணான் அதைக் கழற்றி, அந்தக் கேள்வியைக் கேட்டவனுக்குப் போட்டது. இத்தனை நாளும் கோல் வாசலில் தனியாக நின்று அடிவாங்கியவன், கழுத்தே இல்லாத தவளை.